கைத்தொலைபேசியின் மூடி

ஒரு பொருளின் மூடியை உற்று நோக்கினால், அப்பொருள் பழுதடையும் நாளைப் பற்றி அதனைச் செய்தவர் என்ன எண்ணியிருந்தார் என்பது புலனாகும். தையற்பொறியின் தலை பின்புறமாகச் சாய்ந்து கொடுக்கும். அடியில் எண்ணெய் விட ஒருவர் வருவார் என்று அதனைச் செய்தவர் எதிர்பார்த்திருந்தார். பழைய கைக்கடிகாரத்தின் பின்மூடியில் ஒரு சிறு பள்ளம் இருக்கும். கடிகாரம் திருத்துபவரின் அலகு நுழைவதற்கென்றே அப்பள்ளம் விடப்பட்டது. இன்று ஏறக்குறைய எல்லார் கையிலும் இருக்கின்ற திறன்பேசிக்கோ, மூடி என்று சொல்லத்தக்க ஒன்று கண்ணுக்குத் தெரிவதில்லை. முன்னே கண்ணாடி, பின்னே கண்ணாடி, இடையே ஓர் உலோகச் சட்டம். நகம் நுழையவும் இடமில்லை.

இந்நிலை தற்செயலாக வந்ததன்று. தொலைபேசி என்னும் கருவிக்கு நூறாண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் அதன் மூடி பல முறை திறந்தும் பல முறை இறுகியும் வந்திருக்கின்றது. எப்பொழுது திறந்தது, எப்பொழுது இறுகியது என்று ஆராய்ந்தால் ஒரு செய்தி திரும்பத் திரும்பத் தென்படும். பழுதின் செலவு செய்தவரைச் சார்ந்த காலத்தில் மூடி இலகுவாகத் திறந்தது. அச்செலவு வாங்கியவரின் தலையில் விழுந்தபின் அது இறுகலாயிற்று.

ஐக்கிய அமெரிக்காவில் 1984 ஆம் ஆண்டு உடைக்கப்படும்வரை, பெல் கம்பனி என மக்கள் வழங்கிய ஏ.டி. அண்ட் டி. நிறுவனமே நாட்டின் பெரும்பகுதித் தொலைபேசிச் சேவையைத் தன் கையில் வைத்திருந்தது. நீண்ட காலம் வீட்டிலிருந்த தொலைபேசிக் கருவி வீட்டுக்காரருக்குச் சொந்தமானதன்று. மாத வாடகைக்குப் பெற்றது. அது கெட்டால் கம்பனியின் ஆள் வந்து திருத்திக் கொடுத்தல் வேண்டும். 1950 ஆம் ஆண்டளவில் புழக்கத்துக்கு வந்த ‘500’ வகை மேசைத் தொலைபேசி இவ்வேற்பாட்டின் குழந்தையாகும். ஹென்றி டிரைபஸ் என்ற வடிவமைப்பாளர் அதன் உருவத்தை வகுத்தார். அடித்தட்டிலுள்ள இரண்டு திருகாணிகளைத் தளர்த்தினால் மேலோடு முழுவதும் கையோடு வந்துவிடும். அத்திருகாணிகளும் கீழே விழுந்து தொலைந்து போகாதவாறு தட்டிலேயே தங்கி நிற்கும். உள்ளே மணி, சுழல் தட்டு, கம்பி முனைகள் யாவும் தனித்தனியே கழற்றி மாற்றத்தக்கவை. திரும்பி வந்த கருவிகள் தொழிற்சாலைக் கிளைகளிலே துடைத்துத் திருத்தப்பட்டு வேறொரு வீட்டுக்குச் சென்றன. கம்பனி இவ்வளவு கரிசனை காட்டியது கருணையினாலன்று. ஒவ்வொரு பழுதும் தன் பணப்பெட்டியிலிருந்து ஒரு தொகையை எடுக்கும் என்பதை அது அறிந்திருந்தது.

அதே கம்பனி, வாடகைக்காரர் அக்கருவியைத் தொடுவதை மட்டும் பொறுத்துக்கொள்ளவில்லை. பேசும் வாயிற் பொருத்தும் ஒரு கிண்ணம் போன்ற சாதனம் ‘ஹஷ்-ஏ-போன்’ என்ற பெயரில் விற்கப்பட்டது. அருகிலிருப்பவர் காதில் பேச்சு விழாமற் காப்பதே அதன் தொழில். மின்சாரத் தொடர்பு எதுவும் அதற்கில்லை. ஆயினும் அந்நியப் பொருளை இணைப்பது தொலைபேசிச் சேவைக்கே கேடு என்று கம்பனி வாதாடியது. 1955 இல் அரசாங்கத்தின் தொடர்பு ஆணைக்குழுவும் அதற்கு இசைந்தது. மறு ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அம்முடிவைத் தள்ளிவிட்டது. பொதுமக்களுக்குத் தீங்கு பயக்காத வகையில் ஒருவர் தம் தொலைபேசியைத் தம் வசதிக்கேற்பப் பயன்படுத்தலாம் என்பதே தீர்ப்பின் சாரம். 1968 இல் டெக்சாசைச் சேர்ந்த தோமஸ் காட்டர் என்பவர், தாம் செய்த ‘காட்டர்போன்’ என்னும் வானொலித் தொடர்புக் கருவிக்காக அதே ஆணைக்குழுவின் முன் வென்றார். அதன்பின்பே வேற்றார் செய்த கருவிகள் தொலைபேசிக் கம்பியில் இணைய வழி திறந்தது. திறன்பேசியைத் திறக்கும் உரிமை குறித்து இந்நூற்றாண்டில் எழுந்த வாதங்களைக் கேட்பவர், ‘பாதுகாப்பு’, ‘தரம்’ என்ற சொற்கள் அரைநூற்றாண்டுக்கு முன்பே அவ்வழக்குகளில் ஒலித்தவை என்பதை நினைவிற் கொள்ளல் நன்று.

கையிற் கொண்டு செல்லும் தொலைபேசி 1973 ஏப்பிரல் 3 ஆம் நாள் பிறந்தது எனலாம். அன்று மோட்டரோலா நிறுவனத்தின் மார்ட்டின் கூப்பர் நியூயோர்க் வீதியில் நின்று, போட்டி நிறுவனமான பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஜோயல் எங்கல் என்பவரை அழைத்துப் பேசினார். பத்தாண்டுகளின் பின் அது ‘டைனாடக் 8000எக்ஸ்’ என்னும் பெயரிற் கடைக்கு வந்தபோது அதன் எடை ஏறக்குறைய 790 கிராம். விலை 3,995 டொலர். பத்து மணி நேரம் மின்னேற்றினால் அரை மணி நேரம் பேசலாம். ஆகவே மின்கலம் மாற்றத்தக்கதாக இருத்தல் இன்றியமையாததாயிற்று. மின்கலம் வலுவற்றிருந்த காலத்தில் மூடி திறந்தே தீரவேண்டியிருந்தது.

2000 ஆம் ஆண்டில் வெளிவந்த நொக்கியா 3310, 2003 இல் வந்த நொக்கியா 1100 ஆகிய இரண்டையும் அறியாத வீடு நம் நாட்டிற் சிலவாகவே இருக்கும். 1100 வகை மட்டும் உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்பனையாயிற்று. பெருவிரலால் அழுத்தித் தள்ளினால் பின்மூடி நழுவி வரும். மின்கலத்தை நகத்தால் நெம்பி எடுக்கலாம். தண்ணீரில் விழுந்த கருவியைக் குழந்தையுங் கழற்றி வெயிலிற் காய வைத்தது. 1100 வகைக்குரிய ‘பி.எல்.-5சி’ என்ற பற்றரி அக்கருவிகளின் காலம் மங்கிய பின்னரும் சிறு வானொலிப் பெட்டிகளிலும் கைவிளக்குகளிலும் குடியேறி வாழ்கின்றது. ஒரு பாகம் தன் கருவியை விட்டுப் பிரிந்து பிழைக்க முடிந்தமைக்குக் காரணம், அது பிரிக்கத்தக்கதாகச் செய்யப்பட்டிருந்தமையே.

2007 யூன் 29 ஆம் நாள் அப்பிள் நிறுவனம் தன் முதலாவது ஐபோனை விற்பனைக்கு விட்டது. அதன் பெரிய கண்ணாடித் திரையை உலகம் வியந்து நோக்கியது. அதன் பின்புறம் மூடி இல்லாமையைக் கவனித்தவர் குறைவு. மின்கலம் உள்ளே இருந்தது. அதன் கம்பிகள் மின்சுற்றுப் பலகையில் ஈயம் வைத்துப் பற்றவைக்கப்பட்டிருந்தன. மாற்ற விரும்புவோர் கருவியை நிறுவனத்துக்கு அனுப்பி 79 டொலரும் தபாற் செலவும் செலுத்துதல் வேண்டும். இது புதிய வழக்கமன்று. அதே நிறுவனத்தின் ஐபொட் என்னும் இசைக்கருவியில் மின்கலம் மாற்ற இயலாமையைக் கண்டித்து 2003 ஆம் ஆண்டிலேயே நியூயோர்க்கில் இரு சகோதரர் ஒரு குறும்படம் எடுத்து வெளியிட்டிருந்தனர். ஆனால், ஐபொட்டை விலக்கி வைத்து வாழலாம். தொலைபேசியை விலக்கி வாழ்வது அவ்வளவு எளிதன்று.

ஐபோன் வந்து ஆறு வாரங்கள் சென்றபின், அதே ஆண்டு ஆகஸ்ட் 14 இல், நொக்கியா ஓர் அறிவித்தல் விடுத்தது. மற்சுஷிட்டா நிறுவனம் செய்து கொடுத்த பி.எல்.-5சி பற்றரிகளுள் 4 கோடி 60 இலட்சம் அளவு மின்னேற்றும்போது அளவுமீறிச் சூடேறக்கூடும் என்பதே அதன் பொருள். உரியவர்கள் பற்றரியை வெளியே எடுத்து அதன் முதுகிலுள்ள எண்ணைப் பார்த்து அறிவித்தால், புதியது இலவசமாகக் கிடைக்கும் என்றது. தொலைபேசி அவரவர் கையிலேயே இருந்தது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2016 ஆகஸ்டில் வெளிவந்த சாம்சுங் கலக்சி நோட் 7 என்ற கருவியின் மின்கலமும் அவ்வாறே தீப்பற்றியது. அதன் மின்கலமோ உள்ளே மூடி ஒட்டப்பட்டிருந்தது. 25 இலட்சம் கருவிகளை முழுதாகத் திரும்பப் பெறவேண்டியதாயிற்று. மாற்றிக் கொடுத்தவையும் எரிந்தன. ஒக்டோபர் 11 ஆம் நாள் அவ்வகைத் தொலைபேசியையே உற்பத்தியிலிருந்து நீக்கினார்கள். இரண்டு நிகழ்ச்சிகளிலும் குற்றம் மின்கலத்தினுடையதே. முன்னையதில் மின்கலம் மட்டும் குப்பைக்குச் சென்றது. பின்னையதில் பழுதற்ற திரையும் பழுதற்ற ஒளிப்படக் கண்ணும் பழுதற்ற மூளையும் அதனோடு கூடவே பயன்பாட்டிலிருந்து விலகின.

இனி, மூடியற்ற இக்கருவியை ஒரு தொழிலாளி எவ்வாறு திறக்கிறார் என்பதைச் சற்று விரிவாக நோக்குதல் தகும். முதலிற் கருவியின் இயக்கத்தை நிறுத்துகிறார். மின்னேற்றும் துவாரத்தின் இருமருங்கிலும் கடுகளவான இரண்டு திருகாணிகள் உள. அவற்றை நீக்கிய பின், சூடேற்றிய பை ஒன்றைத் திரையின் விளிம்பில் வைத்துப் பசையை இளகச் செய்கிறார். உறிஞ்சு கிண்ணம் ஒன்றைக் கண்ணாடியில் ஒட்டி மெல்ல இழுக்க, மயிரிழை அளவான ஒரு பிளவு தோன்றும். அதனுள் மெல்லிய தகட்டைச் செலுத்தி, ஓரமாகவே நகர்த்திக்கொண்டு செல்கிறார். ஆழமாகச் செலுத்தினால் நாடா போன்ற மின்வடங்கள் அறுந்துபோம். திரை புத்தகத்தின் அட்டை போலத் திறந்ததும், முதல் வேலை மின்கலத்தின் இணைப்பைக் கழற்றுவது; அதனைச் செய்யாது வேறெதைத் தொட்டாலும் பலகை கருகலாம். அதன்பின் திரையின் வடங்கள், அவற்றைக் காக்கும் சிறு உலோகத் தகடுகள்.

இவ்விடத்தில் ஒரு பொறி உண்டு. தகடுகளைப் பிடித்திருக்கும் திருகாணிகள் பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும். நீளத்தில் மில்லிமீற்றரின் சிறு பின்னத்தால் வேறுபடும். நீளமானது ஒன்றைக் குட்டையானதன் இடத்தில் முடுக்கினால், அது பலகையின் உட்புறக் கம்பித்தடங்களைத் துளைத்துவிடும். அத்தோடு அக்கருவியின் ஆயுள் முடிந்தது. ஆதலால் அனுபவமுள்ளவர் ஒரு தாளிற் கருவியின் படத்தை வரைந்து, கழற்றிய ஒவ்வொரு திருகாணியையும் அதற்குரிய இடத்திலேயே வைத்துக்கொள்வார். நம் ஊர்க் கடைகளில் மேசையின் மீது அழுக்கேறிய ஒரு தாள் விரிந்து கிடப்பதைக் கண்டு முகஞ்சுளிப்பவர், அத்தாளே தம் தொலைபேசியின் உயிர்க்காப்பு என்பதை அறிவதில்லை.

மின்கலத்தை எடுப்பது இறுதிச் சோதனை. இலிதியம் அயன் மின்கலத்தை 1991 இல் சோனி நிறுவனம் முதன்முதல் வணிகத்துக்குக் கொண்டு வந்தது. அதனை ஆக்கிய விட்டிங்ஹாம், குடினஃப், யொஷினோ ஆகிய மூவருக்கும் 2019 ஆம் ஆண்டின் இரசாயனத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது. சிறிய உடலில் மிகுந்த சக்தியை அடக்கி வைத்திருக்கும் இது, திறன்பேசியில் மெல்லிய உறையுள் இருக்கிறது. அதனடியில் நீளும் தன்மையுள்ள பசைநாடாக்கள் ஒட்டப்பட்டுள்ளன. அவற்றின் முனையைப் பற்றித் தாழ்வாக, மெதுவாக இழுத்தால் அறாமல் நீண்டு வந்துவிடும். அறுந்தால் துன்பம். நெம்பி எடுக்க முயல்வோர் உறையைத் துளைத்துவிட்டால் உட்படலங்கள் ஒன்றையொன்று தொட்டு, புகையும் தீயும் எழும். இவ்வளவும் முடிந்தபின், சென்ற வழியே திரும்பி வரவேண்டும். நொக்கியா 1100 இல் ஒரு நொடியில் முடிந்த வேலை இது.

இத்தனை இடர் எதற்காக? செய்வோர் கூறும் காரணங்கள் வெறும் சாக்குகள் என்று தள்ளிவிடத்தக்கவையல்ல. மூடியும் கொளுவியும் இல்லையெனில் கருவி மெலிதாகும். அவ்விடத்தில் பெரிய மின்கலம் வைக்கலாம். பசை தண்ணீரைத் தடுக்கும். ஆயினும் 2014 ஆம் ஆண்டின் சாம்சுங் கலக்சி எஸ்5, ஒரு மீற்றர் ஆழ நீரில் அரை மணி நேரம் தாங்கக்கூடியதாகவும் கையாற் கழற்றும் பின்மூடி உடையதாகவும் இருந்தது. மறு ஆண்டு எஸ்6 வந்தபோது அம்மூடி மறைந்தது. நீர் தாங்கும் தகுதியும் கூடவே மறைந்தது. ஆகவே தண்ணீர் ஒன்றையே காரணமாகக் காட்டுவது முழு உண்மையாகாது.

பசையைத் தவிர வேறு காவல்களும் உண்டு. அப்பிள் நிறுவனத்தின் நான்காம் ஐபோன் 2010 இல் வந்தபோது அதன் அடியில் இருந்தவை எல்லாரும் அறிந்த நட்சத்திரத் தலைத் திருகாணிகள். ஹென்றி பிலிப்ஸ் 1930 களில் உரிமம் பெற்ற அதே வகை. சில மாதங்களில் அவற்றின் இடத்தை ஐந்து இதழ்ப் பூவைப் போன்ற தலையுடைய ‘பென்டலோப்’ திருகாணிகள் பிடித்தன. அவற்றுக்குப் பொருந்தும் திருப்புளி கடைகளில் இல்லை. திருத்தத்துக்காகக் கொடுக்கப்பட்ட பழைய கருவிகளும் புதிய திருகாணிகளோடு திரும்பி வந்தன என்பதை 2011 ஜனவரியில் ஐஃபிக்சிட் என்னும் அமைப்பு வெளிப்படுத்தியது. உரிமையாளர் தம் பொருளை ஒப்படைத்து, அதற்கு ஒரு பூட்டும் இடுவித்துக்கொண்டு வந்தார் என்பது விந்தையே.

இவ்வமைப்பின் தோற்றமும் அறியத்தக்கது. 2003 இல் கலிபோர்ணியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போ நகரில் கல்லூரி மாணவராயிருந்த கைல் வீன்ஸ் தம் மடிக்கணினியைத் திருத்த முயன்றார். திருத்தும் கைந்நூல் எங்கும் கிடைக்கவில்லை. ஒருவாறு தாமே கழற்றிப் பொருத்திய பின், நண்பர் லூக் சோல்ஸ் என்பவரோடு சேர்ந்து, கழற்றும் முறையைப் படிப்படியாகப் படம் பிடித்து எல்லாரும் இலவசமாகப் பார்க்க வெளியிடத் தொடங்கினார். பாகங்களும் கருவிகளும் விற்ற வருவாய் இப்பணியைத் தாங்கியது. ஐந்திதழ்த் திருகாணி வந்ததும் அதற்குரிய திருப்புளியை விற்கத் தொடங்கியவர்களும் இவர்களே.

மூடியின் வரலாற்றில் 2017 ஆம் ஆண்டு முக்கியமானது. பழைய ஐபோன்கள் மெதுவாக இயங்குகின்றன என்ற முறைப்பாடு நெடுநாளாக இருந்தது; புதியதை வாங்கச் செய்யும் தந்திரம் என்று பலர் ஐயுற்றனர். அவ்வாண்டு டிசம்பரில், ஒரு மென்பொருள் நிறுவனத்தின் அளவைகள், மின்கலம் தேய்ந்த கருவிகளே வேகம் குறைகின்றன என்று காட்டின. அப்பிள் நிறுவனம் உண்மையை ஒப்புக்கொண்டது. தேய்ந்த மின்கலம் திடீரென நின்றுபோகாமலிருக்கவே வேகத்தைக் குறைத்தோம் என்பது அதன் விளக்கம். பொறியியல் நோக்கில் அது பொருந்தக்கூடியதே. ஆயின், உரியவருக்குச் சொல்லாமற் செய்ததே பிழை. டிசம்பர் 28 இல் மன்னிப்புக் கேட்டு, மின்கலம் மாற்றும் கட்டணத்தை 79 டொலரிலிருந்து 29 டொலராகக் குறைத்தது.

விளைவு யாது? 2019 ஜனவரி 2 ஆம் நாள் அந்நிறுவனத்தின் தலைவர் டிம் குக் முதலீட்டாளருக்கு எழுதிய கடிதத்தில், எதிர்பார்த்த அளவு வருமானம் வாராமைக்குப் பல காரணங்களைக் குறிப்பிட்டார். அவற்றுள் ஒன்று, குறைந்த கட்டணத்தில் மின்கலத்தை மாற்றிக்கொண்ட மக்கள் புதிய தொலைபேசி வாங்காமை. 29 டொலரோடு முடிந்த ஒரு திருத்தம் பல நூறு டொலர் விற்பனையை ஒத்திப்போட்டது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் வேண்டுவதில்லை. செய்தவரே கையொப்பமிட்டுக் கொடுத்த சாட்சியம் அது.

திருகாணிக்குத் திருப்புளி கண்டனர்; பசைக்குச் சூடு கண்டனர். மூன்றாவது காவலோ கண்ணுக்குத் தெரியாதது. 2016 ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், வெளிக்கடைகளில் விரலடையாளப் பொத்தானை மாற்றிக்கொண்ட ஐபோன்கள், மென்பொருளைப் புதுப்பித்தவுடன் ‘பிழை 53’ என்று காட்டிவிட்டு உயிரற்ற கற்களாயின. ஒவ்வொரு பொத்தானும் தன் பலகையோடு இரகசிய எண்ணாற் பிணைக்கப்பட்டிருந்தது. நிறுவனம் பின்னர் அதனைத் திருத்தி வெளியிட்டது. எனினும், வெளியாரிடம் திருத்தியதால் உமக்குப் பரிகாரம் இல்லை என்று வாடிக்கையாளருக்குச் சொன்னதற்காக, 2018 யூனில் அவுஸ்திரேலியச் சமஷ்டி நீதிமன்றம் 90 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதித்தது. பாகங்களைப் பிணைக்கும் வழக்கம் அதனோடு ஒழியவில்லை. பின் வந்த கருவிகளில், ஒரே வகையான இரண்டு புதிய தொலைபேசிகளின் மின்கலங்களை ஒன்றுக்கொன்று மாற்றினாலும், ‘இது மெய்யான பாகமன்று’ என்ற பொருள்பட எச்சரிக்கை தோன்றலாயிற்று. செய்தவர் தாமே செய்த பாகத்தை, வேறொரு கை பொருத்தியதற்காக மறுதலித்த நிலை இது.

நீதிமன்றங்கள் எப்போதும் திருத்துவோர் பக்கம் நிற்கவுமில்லை. நோர்வேயிற் சிறு கடை வைத்திருந்த ஒருவர் ஆசியாவிலிருந்து தருவித்த 63 திரைகளை 2017 இல் சுங்க அதிகாரிகள் தடுத்துவைத்தனர். பழைய திரைகளிலிருந்து புதுக்கப்பட்ட அவற்றில், அப்பிளின் சின்னம் மையால் மறைக்கப்பட்டிருந்தது. அவற்றை அழிக்கவேண்டும் என்று நிறுவனம் கோரியது. கீழ் நீதிமன்றம் கடைக்காரருக்குச் சார்பாகத் தீர்த்தது. மேன்முறையீட்டில் அவர் தோற்றார். 2020 யூன் 2 இல் நாட்டின் உயர் நீதிமன்றமும் நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. மறைத்த சின்னத்தை மீண்டும் வெளிப்படுத்தலாம் என்பதால் வணிகச் சின்ன உரிமை மீறப்பட்டது என்பது முடிவு. தொலைபேசியின் உள்ளே, ஒருவரும் காணாத இடத்தில், மையின் கீழ்க் கிடந்த சின்னம் அது!

ஆகவே போராட்டம் சட்டமன்றங்களுக்குச் சென்றது. வழிகாட்டியது மோட்டார் வண்டி. 2012 இல் மசச்சூசெற்ஸ் மாநில வாக்காளர், வண்டிகளைத் திருத்தும் தகவலை எல்லாக் கராஜுகளுக்கும் கொடுக்க வேண்டுமென்று சட்டம் இயற்றச் செய்தனர். தொலைபேசிக்கு அத்தகைய சட்டங்கள் பல மாநிலங்களில் முன்வைக்கப்பட்டு, ஆண்டுதோறும் தோற்றுவந்தன. 2021 மே மாதம் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு காங்கிரசுக்கு அளித்த அறிக்கையில், திருத்தத்தைத் தடுப்பதற்கு உற்பத்தியாளர் காட்டும் காரணங்களுக்கு ஆதாரம் மிகச் சொற்பம் என்று கண்டிருந்தது. அவ்வாண்டு நவம்பரில் அப்பிள் நிறுவனம், வாடிக்கையாளர் தாமே திருத்திக்கொள்ளப் பாகங்களும் கைந்நூலும் தருவதாக அறிவித்தது. 2022 ஏப்பிரலில் அத்திட்டம் நடைமுறைக்கு வந்தபோது, 49 டொலர் வாடகைக்கு வந்த கருவிப் பெட்டிகள் இரண்டின் எடை 79 இறாத்தல், அதாவது ஏறக்குறைய 36 கிலோகிராம்! உள்ளங்கையில் அடங்கும் பொருளைத் திறப்பதற்கு ஒரு மூடை சீமெந்துக்குச் சற்றுக் குறைந்த சுமை வீட்டு வாசலில் வந்திறங்கியது. உரிமை கொடுக்கப்பட்டது, அதைத் தூக்க வலு வேண்டியிருந்தது.

நியூயோர்க் மாநிலச் சட்டம் 2022 டிசம்பர் 28 இல் ஆளுநரின் கையொப்பம் பெற்றது. ஆனால் இறுதி நேரத் திருத்தங்கள் அதன் பல்லைப் பிடுங்கிவிட்டன என்றே திருத்துவோர் கூறினர். கலிபோர்ணியாவின் சட்டம் 2023 ஒக்டோபரில் நிறைவேறியது. 100 டொலருக்கு மேற்பட்ட கருவிகளுக்கு, அவற்றின் உற்பத்தி நின்றபின் ஏழாண்டுகள் பாகங்கள் கிடைக்கவேண்டும் என்றது. நெடுங்காலம் எதிர்த்துவந்த அப்பிள் நிறுவனம் இச்சட்டத்தை ஆதரித்தது கவனிக்கத்தக்கது. 2024 மார்ச்சில் ஒறிகன் மாநிலம் மேலும் ஓரடி சென்று, பாகங்களை இரகசிய எண்ணாற் பிணைத்துத் திருத்தத்தைத் தடுப்பதையே விலக்கியது. அங்கே அதே நிறுவனம் எதிர்த்து நின்றது. திருகாணியையும் பசையையும் விட்டுக்கொடுக்க ஆயத்தமாயிருந்தவர்கள், மூன்றாவது காவலை மட்டும் இறுகப் பற்றிக்கொண்டனர்.

வேறு வழியும் உண்டு என்று காட்டியவர்கள் நெதர்லாந்தின் அம்ஸ்டர்டாமிற் தோன்றிய ஃபெயர்போன் நிறுவனத்தார். 2015 இல் வந்த அவர்களின் இரண்டாவது தொலைபேசியில் மின்கலம் கையாலும் திரை திருப்புளியின்றியும் கழன்றன. விற்பனை பெரிதன்று. கூகிள் நிறுவனம் ‘அரா’ என்ற பெயரில் துண்டுதுண்டாகப் பொருத்தும் தொலைபேசியொன்றைப் பல ஆண்டுகள் முயன்று 2016 இற் கைவிட்டது. நல்லெண்ணம் மட்டும் சந்தையை மாற்றிவிடாது என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

ஐரோப்பிய ஒன்றியம் இதனை உணர்ந்தே செலவைச் செய்தவர் பக்கம் திருப்ப முற்பட்டது. பிரான்ஸ் 2021 ஜனவரியில், எவ்வளவு எளிதிற் திருத்தலாம் என்பதைப் பத்துக்கு இத்தனை என்று புள்ளியிட்டு விலையின் அருகிற் காட்டச் செய்தது. 2025 யூன் 20 முதல் ஒன்றியம் முழுவதிலும், ஒரு வகையின் விற்பனை நின்றபின்னும் ஏழாண்டுகள் முக்கிய பாகங்கள் கிடைக்கவேண்டும். மின்கலம் 800 முறை முழுதாக மின்னேற்றிய பின்னும் தன் கொள்ளளவில் 80 சதவீதத்தைத் தாங்கவேண்டும். இங்கும் ஒரு சந்து விடப்பட்டுள்ளது. 1,000 முறைக்குப் பின்னும் 80 சதவீதம் தாங்கி, நீரையும் தடுக்கும் மின்கலமாயின், அதனை உரிமையாளர் தாமே மாற்றத்தக்கதாக அமைக்கவேண்டியதில்லை. தொழில் தெரிந்தவர் மாற்றத்தக்கதாயிருந்தாற் போதும். விலையுயர்ந்த கருவிகள் இச்சந்தினூடாகவே செல்லும் என எதிர்பார்க்கலாம். ஒன்றியச் சட்டம் ஐரோப்பிய எல்லைக்கு அப்பால் ஆட்சி செய்வதில்லை; ஆயினும் ஒரு வகைத் தொலைபேசிக்கு நாட்டுக்கு நாடு வெவ்வேறு உடல் செய்வது இலாபமன்று. பிரசெல்சில் எழுதப்பட்ட விதி கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் விற்கும் கருவியின் மூடியைத் தளர்த்துவது அதனாலேதான்.

அத்தளர்வின் முதல் அடையாளங்கள் தென்படலாயின. 2024 செப்டெம்பரில் வெளிவந்த ஐபோன் 16, 16 பிளஸ் ஆகியவற்றில் மின்கலத்தை ஒட்டியிருந்தது ஒரு புதுவகைப் பசை. நாடாவை இழுக்கவேண்டியதில்லை, சூடேற்றவேண்டியதில்லை. இரண்டு கம்பிகளை உரிய இடங்களில் தொடுத்துச் சிறிது மின்சாரம் செலுத்தினால், ஒன்றிரண்டு நிமிடங்களிற் பசை தானே பிடியை விடும். அம்மின்சாரத்தைத் தருவதற்கு விசேட இயந்திரம் எதுவும் வேண்டாம். தலையில் இரண்டு கொளுவிகளோடு சதுரமாக இருக்கும் சாதாரண 9 வோல்ட் பற்றரி போதும். 1950 களில், அக்காலத்துப் புதுமையான திரான்சிஸ்டர் வானொலிப் பெட்டிகளுக்கென்று செய்யப்பட்டதே அந்தப் பற்றரி. அப்பெட்டிகளின் பின்மூடி நகத்தால் தள்ளத் திறந்தது.